உன் மாமனார் வாங்கிய கத்தரி

ஒரகடம்,
பங்குனி, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு அப்பா ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளை ஸ்ரீதரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். உன் மாமனார் நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. அதைத்தான் தினமும் போனில் பார்க்கிறேனே, ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு உன் தோட்டத்தில் சொந்த நிலத்தில் நிற்பதுபோல் நிற்கிறார். ஜெர்மனி குளிர் அவருக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போன் போட்டால் உனக்குப் பக்கத்தில் அவர் தலையும் வந்துவிடுகிறது, "இன்னா சம்பந்தி, சௌக்கியமா" என்கிறார், அதற்குமேல் உன்னிடம் நான் என்ன பேசுவது? அதனால்தான் எழுதி, எதிர்வீட்டு விஜய் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவனைக் கம்பெனியில் ட்ரெய்னிங்குக்கு உங்கள் ஊருக்குத்தான் அனுப்புகிறார்கள், வியாழக்கிழமை விமானம். அம்மா அரைத்த மிளகாய்த்தூளும் அவனிடம் இருக்கிறது, மறக்காமல் வாங்கிக்கொள்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது, செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் இருக்கிறதென்று ஒரு நிம்மதி. எங்கள் கம்பெனி லைனில் ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. வேலைக்கு வரச் சொல்லிக் கேட்கிறார்கள், இன்றைக்கு நான் போகவில்லை. கீழ் போர்ஷனில் குடியிருக்கும் கம்பெனிப் பையன்கள் மாடியில் என் ரோஜாச் செடிகள் மேலேயே யூனிபார்மைக் காயப்போடுகிறார்கள், கேட்டால் "அங்கிள், வெயிலு அங்கதான கீது" என்கிறான் ஒருவன். சரி, ரோஜா என்றதும் விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ அனுப்பிய படத்தில் சிவப்புக் கைப்பிடி போட்ட தோட்டக் கத்தரி இருந்தது, கீழே "அப்பா வாங்கிக் கொடுத்தது" என்று எழுதியிருந்தாய். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நீங்க எப்ப வாங்கிக் குடுத்தீங்க, எங்கிட்ட சொல்லவே இல்ல" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துப் பார். நம் பக்கத்தில் மாமனாரை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். உன் அம்மா என் அப்பாவை ஒருநாளும் அப்பா என்று கூப்பிட்டதில்லை, அதனால் அவருக்கு மரியாதை குறைந்தா போயிற்று? எனக்குப் பொறாமைதான், மறைக்கவில்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அம்மாவிடம் ரசத்தில் உப்பில்லை என்று சண்டை போட்டேன், உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அந்த எரிச்சலோடுதான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஏதாவது குறை அகப்படுமா என்று. எஃகு நல்ல எஃகு. இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகிற ரகம், பச்சைத் தண்டுக்கு அதுதான் சரி. ஒரே அலகு தட்டையான அடிப்பட்டையின் மேல் வந்து உட்காருகிற ரகம் தண்டை நசுக்கிவிடும், காய்ந்த குச்சிக்குத்தான் ஆகும். காஞ்சிபுரம் பஸ் டிப்போவில் காலமெல்லாம் ஸ்பேனர் பிடித்தவர் உன் மாமனார் முனிரத்தினம், அவருக்குச் சாமான் பார்த்து வாங்கத் தெரியாமலா இருக்கும்? ஒன்றும் அகப்படாமல் போனைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மறுநாள் நீ போனில் வந்தபோது இடது ஆள்காட்டி விரலில் கட்டு இருந்தது. ரோஜா வெட்டும்போது பட்டுவிட்டது, ஒன்றுமில்லை என்றாய். இடது கையில் காயம் என்றால் கத்தரி வலது கையில் இருந்திருக்கிறது. பேனாவிலிருந்து தோசைத் திருப்பி வரைக்கும் இடது கையில் பிடிக்கிறவளுக்கு வலது கையில் என்ன வேலை? அப்போதுதான் புரிந்தது, நீ இடது கைக்காரி என்பதே உன் மாமனாருக்குத் தெரியாது. நீ தெரியவிட்டால்தானே. கல்யாணத்தன்று பெரியவர்கள் எதிரில் இடது கையை நீட்டாதே என்று அம்மா காதில் ஓதி அனுப்பினாள், நீயும் அவருக்குக் காபி கொடுப்பதிலிருந்து விளக்கேற்றுவது வரைக்கும் எல்லாம் வலது கையிலேயே செய்து காட்டிவிட்டாய். இப்போது அவர் எதிரில் செடி வெட்டுவதும் வலது கையில். மாப்பிள்ளைக்குத் தெரியும், அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினால்தானே அப்பாவிடம் சொல்வார். உள்ளதைச் சொல்கிறேன், உன் விரலைப் பார்த்துப் பதறிய அடுத்த நிமிஷமே எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. உன்னைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறது.

இடது கைக்கென்றே செய்த கத்தரியை அவருக்கு முன்னால் நான் வாங்கி அனுப்பிவிட வேண்டும் என்று கிளம்பினேன். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு இரும்புக் கடை பாக்கியில்லை. ஒரு கடைக்காரர், "இன்னா சார், கத்தரில கூடவா சோத்தாங்கை நொட்டாங்கை பார்ப்பாங்க" என்று சிரித்தார். இருங்காட்டுக்கோட்டை பக்கம் ஹைவே ஓரத்து நர்சரிக்காரரோ ஒரு கத்தரியை எடுத்துக் கவிழ்த்துக் கையில் கொடுத்து, "இப்டி திருப்பிப் புடி சார், நொட்டாங்கைக்கு ஆயிடும்" என்றார். எப்படித் திருப்பினாலும் அலகு அதே பக்கம்தானே. ஆன்லைனில் இருக்கிறது, ஆனால் விஜய் கிளம்பிய பிறகுதான் வந்து சேருமாம். சொல்லாமல் இருந்துவிட்டு அடுத்து யாராவது அங்கே போகும்போது நானே அனுப்பலாம் என்று நினைத்தேன். "உங்க வீம்புக்கு அவ இன்னொரு வெரலையும் வெட்டிக்கணுமா" என்று அம்மாதான் கேட்டாள். பாதிச் செடி இன்னும் வெட்டவில்லை என்று நீயும் சொன்னாய், துளிர் விட்ட பிறகு வெட்டி என்ன பிரயோசனம்.

ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். உன் மாமனாரிடம் சொல்லிவிடு. எனக்கு இடது கைதான் பழக்கம், இந்தக் கத்தரி ஆகாது என்று சொல். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அன்றைக்கே குல்லாவை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார், அங்கெல்லாம் இடது கைக் கத்தரி சாதாரணமாகக் கிடைக்கிறதாம். நீயும் கூடப் போ. இடது கையில் பிடித்துக் குனிந்து பார்த்தால் வெட்டுகிற அலகு உன் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கைப்பிடி மறைக்கக் கூடாது. கத்தரியை மூடி வைக்கிற பூட்டு உன் இடது கட்டைவிரலுக்கு எட்ட வேண்டும். முழுக்க விரிக்கும்போது சுண்டுவிரல் வழுக்கி வெளியே வந்தால் அது பெரிய கைக்கு உள்ளது, வேண்டாம். மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பார், அலகு நடுவே இடைவெளி தெரியக் கூடாது. இதெல்லாம் அப்பா சொன்னது என்று அவர் காதில் விழும்படி சொல். எந்த அப்பா என்று அவரும் கொஞ்சம் குழம்பட்டும்.

காயத்தில் மண் படாமல் பார்த்துக்கொள், கையுறை இல்லாமல் முள்ளில் கை வைக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்த வருஷம் நான் ரிடையர் ஆனதும் நானும் அம்மாவும் அங்கே வருகிறோம். குலதெய்வம் உங்கள் இருவருக்கும் துணை இருக்கும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். சின்ன வயதில் நான் எதைக் கொடுத்தாலும் இடது கையை நீட்டித்தான் வாங்குவாய், ஊரே திட்டினாலும் நான் ஒருநாளும் அந்தக் கையைத் தட்டிவிட்டதில்லை. விஷயம் தெரிந்துவிட்டால் அவரும் "பரவால்லமா, எந்தக் கையால வேணா வாங்கிக்கோ" என்பார், அப்படிப்பட்ட மனுஷன். புதுக் கத்தரியை இடது கையில் பிடித்து அவர் எதிரிலேயே வெட்டு, எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவர் கொடுக்கும்போது வலது கையை நீட்டியே வாங்கிக்கொள். இடது கையால் வாங்குவது என்னிடம் மட்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அப்பா,
சபாபதி