எட்டுச் செலவன்று திறந்த கணினி

காலையில் உங்கள் மடிக்கணினியை மேசையில் வைத்து மின்சாரத்தைக் கொடுத்தேன். உள்ளே காற்றாடி சுழலத் தொடங்கியதும் சூடேறிய தூசியின் மணம் வந்தது. கந்தோர் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, சாரத்தைக் கட்டிக்கொண்டு நீங்கள் அதன் முன்னால் இருக்கிற நேரத்து மணம். "இஞ்சேருங்கோ" என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. நீங்கள் இருந்த காலத்தில் உங்கள் பெயரை நான் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது எழுதவும் கை வரவில்லை. பெயரில்லாமலே எழுதுகிறேன்.

எழுத வந்தது வெட்கக்கேடான விஷயம். சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கனடாவிலிருந்து வந்த என் தம்பி விட்டுப்போன கணினி அது. நீங்கள் அதில் விளையாடுவதைப் பார்த்து முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பகலெல்லாம் ஊர்காவற்றுறைக் கந்தோரில் காணிப் பிணக்குக் கேட்கிற மனிதர், பின்னேரம் வாளைத் தூக்கிக்கொண்டு பூதத்தைத் துரத்துகிறார். நான் பக்கத்தில் தையல் மெசினோடு இருந்து, யாரோ ஒருத்தியின் சட்டைக்குக் கை பொருத்தியபடி கடைக்கண்ணால் பார்ப்பேன். பூதம் செத்ததும் அரைகுறை உடுப்போடு ஒரு பெண் வந்து வீரனின் கழுத்தில் தொங்குவாள். நீங்கள் சட்டென்று வேறு பக்கம் ஓடுவீர்கள்.

"ஏன் ஓடுறியள்? கஷ்டப்பட்டு அடிபட்டனீங்கள்தானே," என்று பகிடி பண்ணினேன்.

"உது பரிசுச்சீட்டு விழுந்த மாதிரியல்லோ கிடக்கு. அவளுக்கு விருப்பமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை," என்றீர்கள்.

இன்னொரு விளையாட்டில் காதலர்கள் அறைக்குள் போவார்கள், திரை இருண்டுவிடும், உடனே சேவல் கூவும். "எங்கட பழைய படங்களில ரெண்டு பூவை முட்ட விடுவினம். இவங்கள் சேவலைக் கூவ விடுறாங்கள்," என்றீர்கள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்து முடிய, வழக்கம்போல ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தோம். ஐந்தாம் மாதத்தில் எங்கள் பிள்ளை கலைந்ததிலிருந்து அப்படித்தான். சண்டை ஒன்றுமில்லை. நீங்கள் தொட்டால் எனக்கு நோகும் என்று நீங்கள் நினைத்தீர்கள். நீங்கள் தொடாததால் என்னைப் பிடிக்கவில்லை என்று நான் நினைத்தேன். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எங்கள் இருவரிடமும் வாய் இருக்கவில்லை.

பிறகுதான் அந்த வெளிச்சவீட்டுக் கதை வந்தது. குளிர் நாட்டுத் தீவொன்றில் கப்பல்களுக்கு விளக்கெரிக்கிற வெளிச்சவீட்டைத் தனியே காக்கிற ஒருத்தி. கடலுக்குப் போய்ப் பல காலம் வராதிருந்த புருஷன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். அவர்களுக்கும் ஒரு பிள்ளை இறந்திருக்கிறது. அந்த விளையாட்டில் அடிபடுவதற்கு எவருமில்லை. என்ன பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது என்று தெரிவு செய்வதுதான் விளையாட்டே. ஆங்கிலத்தில் வருவதை நீங்கள் எனக்குத் தமிழில் சொல்வீர்கள்.

"இப்ப அவள் என்ன சொல்லட்டாம்? 'ஏன் வந்தனீங்கள்' எண்டு ஒண்டு. 'சாப்பிட்டனீங்களோ' எண்டு ஒண்டு. இல்லாட்டிப் பேசாமல் கதவைத் திறக்கலாமாம். நீர் சொல்லும், எதை அமத்த?"

"சாப்பிட்டனீங்களோ எண்டு கேக்கட்டும்."

"அந்தக் குளிர் நாட்டிலயும் போய்ச் சோறு போடப்போறீரோ?"

சிரித்தாலும் அதைத்தான் அமத்தினீர்கள். அவன் அழுதான். நான் தையலை நிறுத்திவிட்டுக் கதிரையை உங்கள் பக்கம் இழுத்துப் போட்டது அன்றைக்குத்தான்.

இன்னொரு இடத்தில் அவன் அவளுடைய கையைப் பிடிக்க வேண்டும். சும்மா பிடிக்கலாம், கேட்டுப் பிடிக்கலாம். சும்மா பிடித்தால் அவள் கையை இழுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். இரண்டு தரம் அப்படிப் போனபிறகு நீங்கள் சொன்னீர்கள்: "இதில அவசரப்பட ஏலாது. கேட்டுக் கேட்டுத்தான் போகவேணும்."

மறுநாள் காலை நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டு நிற்கிறேன். நீங்கள் கந்தோருக்கு வெளிக்கிட்டு, சேட்டெல்லாம் காற்சட்டைக்குள் விட்டு, வாசலில் நின்று ஒரு மாதிரிக் குரலில் கேட்டீர்கள்.

"கையைப் பிடிக்கட்டோ?"

"இதென்ன கேள்வி? தேங்காய் திருவுறன், தெரியேல்லையோ?" என்று எரிந்து விழுந்தேன். உங்கள் முகம் தொங்கிப்போனது. பிறகு தேங்காய்ப் பூ ஒட்டியிருந்த கையை அப்படியே நீட்டினேன். நீங்கள் பிடித்துக்கொண்டு நின்றதில் அன்றைக்குப் பஸ் தவறிப்போனது.

இதுவரைக்கும் சொல்லக்கூடியது. இனிச் சொல்வது நீங்கள் அறியாதது.

அந்த விளையாட்டைத் தொடங்கும்போதே அது ஒன்று கேட்டது, நினைவிருக்கிறதா? வயது வந்தவர்களுக்கான காட்சிகளைக் காட்டவா, மறைக்கவா என்று. நீங்கள் என்னைத்தான் பார்த்தீர்கள். "மறையுங்கோ, ஆரும் வந்தாலும்," என்றேன். மறைத்தீர்கள். அதனால் ஒரு மாலை அந்த இரண்டு பேரும் வெளிச்சவீட்டின் மேலறையில் எதிரெதிரே நின்றார்கள். அடுத்த கணம் விடிந்துவிட்டது. தலைமயிரை அவிழ்த்துவிட்டபடி அவள் தேநீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"இவள் ஏன் சிரிக்கிறாள்? நேற்றுவரைக்கும் அவனோட முகங்குடுத்துக் கதைக்கேல்லை," என்று எனக்குக் கோபமே வந்தது.

"நீர்தானே மறைக்கச் சொன்னனீர்," என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள். காட்டுவோமா என்று ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்தச் சிரிப்பு என் தலைக்குள் இருந்துகொண்டே இருந்தது. ஒருநாள் மத்தியானம், நீங்கள் கந்தோரில் இருக்கிற நேரம், கதவைச் சாத்திவிட்டுக் கணினியைத் திறந்தேன். நீங்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்தே எல்லாம் தெரிந்திருந்தது. மறைப்பு என்றிருந்ததைக் காட்டு என்று மாற்றினேன். களவெடுக்கிறவள் மாதிரிக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

நான் பயந்தது வேறு, அதில் இருந்தது வேறு. அவர்கள் அதிகமாகக் கதைத்தார்கள். அவள் ஒருதரம் வேண்டாம் என்றாள். வேண்டாம் என்றால் விளையாட்டு அத்தோடு முடிந்துவிடும், அவன் கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். அவன் சரி என்று சொல்லி, அவளுக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து இருந்தான். மழை பெய்தது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவளேதான் திரும்பினாள். பிள்ளை இருந்து தளர்ந்த வயிற்றை அவளே காட்டினாள். அதற்குப் பிறகு நடந்ததை எழுதமாட்டேன். வெட்கமில்லாமல் அழகாக இருந்தது என்று மட்டும் சொல்லுகிறேன். எனக்குத்தான் வெட்கம். பார்த்ததற்கு ஒரு வெட்கம், திரும்பத் திரும்பப் பார்த்ததற்கு இன்னொரு வெட்கம், அந்த வயிற்றைக் கண்டு என் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததற்கு எல்லாவற்றிலும் பெரிய வெட்கம்.

அடுத்த நாளும் பார்த்தேன். இன்றைக்கு நீங்கள் வந்ததும் சொல்லிவிட வேண்டும், "நான் மறைப்பை எடுத்துப்போட்டன், வாங்கோ சேர்ந்து பாப்பம்" என்று சொல்லவேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் போன் அடித்தது. வேலையாகக் காரைநகருக்குப் போகவென்று இறங்குதுறையில் படகுக்கு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். கணினியை அடித்து மூடிவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்ந்தபோது உங்கள் சேட்டு இன்னும் உள்ளே விட்டபடியே இருந்தது.

நீங்கள் விழுந்த நேரத்தில் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை எவரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் எட்டாம் நாள் எட்டுச் செலவு வந்தது.

செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்கிற நாள். கணவாய்ப் பிரட்டல், நண்டுக் குழம்பு, நீங்கள் ஒளித்து ஒளித்துக் குடிக்கிற சிகரெட் கூட வாழையிலையில் வைத்தாயிற்று. உங்கள் அக்கா, என் மச்சாள், சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு உயிரான சாமானை மறந்திட்டம்," என்று கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தா. வயர் செருகினபடி அறைக்குள் கிடந்தது. நான் குசினியிலிருந்து வெளியே வரவும், அவ உங்கள் படத்துக்கு முன்னால் அதை வைத்து மூடியைத் திறக்கவும் சரியாக இருந்தது. விட்ட இடத்திலேயே அது விழித்துக்கொண்டது. அந்த மேலறை, அந்த இரண்டு பேர், உடுப்பில்லாத முதுகு. மழைச் சத்தத்தோடு அவளுடைய மூச்சுச் சத்தமும் வீடு முழுக்கக் கேட்டது.

"மூடுங்கோ, மூடுங்கோ!" என்று உங்கள் சித்தப்பா கத்தினார். யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மச்சாள் அடித்து மூடினா. உங்கள் அம்மா உங்கள் படத்தைப் பார்த்தபடி மெல்லக் கேட்டார்:

"என்ர பிள்ளை உதையோ பாத்துக்கொண்டிருந்தவன்?"

பதில் சொல்ல வேண்டியவள் அந்த வீட்டில் ஒருத்திதான் இருந்தாள். அவள் நண்டுக் குழம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஊருக்குக் கதை ஆகிவிட்டது. தைக்கத் துணி கொண்டுவருகிறவர்கள் என்னைப் பாவம் பார்த்தார்கள். அப்படிப்பட்ட மனிதனோடு வாழ்ந்தவளாம். பாவம் பார்த்ததை வாங்கி வைத்துக்கொண்டேன். நான்கு சொல்லை வாயால் சொன்னால் முடிகிற விஷயம், என் வெட்கத்தை உங்கள் தலையில் ஏற்றிவிட்டு ஒரு வருடம் சும்மா இருந்தேன். நீங்களோ இறக்கிவைக்க ஏலாத இடத்தில் இருந்தீர்கள்.

உங்கள் அம்மா, என் மாமி, மட்டும் சும்மா இருக்கவில்லை. உங்கள் பாவம் போகவேண்டுமென்று வெள்ளிக்கிழமைகளில் பல்லில் பச்சைத் தண்ணீரும் படாமல் விரதம் பிடிக்கத் தொடங்கினார். அது எனக்குத் தெரியும். விட்டுவிடுவார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். போன வெள்ளி மச்சாள் போன் எடுத்தா. "அம்மா கோயில் வீதியில மயங்கி விழுந்திட்டா. சொன்னால் கேக்கிறா இல்லை. இப்பிடியே போனால் அவவையும் தூக்கவேண்டி வரும்."

மாமி இருக்கிற புளியங்கூடலுக்கு அடுத்த பஸ்ஸில் போனேன். மாமி முற்றத்தில் கதிரையில் இருந்தார். உதடு வெடித்திருந்தது. மச்சாள் உள்ளே இருந்தா. நின்றபடியே சொன்னேன்.

"மாமி, எட்டுச் செலவண்டைக்குக் கண்டது அவர் பாத்ததில்லை. நான் பாத்தது."

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் பட்டினி கிடக்கக்கூடாது எண்டு பொய் சொல்லுறாய் பிள்ளை. செத்தவனைக் காப்பாத்த உன்ர பேரைக் கெடுக்காதை."

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. உண்மையைச் சொல்வதுதான் கஷ்டம் என்று நினைத்து வந்தேன், நம்பவைப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"அவருக்குத் தெரியாது மாமி. அவர் மறைச்சுத்தான் வைச்சவர். அவர் கந்தோருக்குப் போனபிறகு நான்தான் மாத்தினனான்."

"அப்பிடியெண்டால் சொல்லு. அதில என்ன கிடந்தது?"

சொன்னேன். உங்கள் அம்மாவிடம், பட்டப்பகலில், முற்றத்தில் நின்று. வெளிச்சவீட்டைச் சொன்னேன், திரும்பி வந்தவனைச் சொன்னேன், செத்த பிள்ளையைச் சொன்னேன். மேலறைக்கு வந்ததும், நிலத்தைப் பார்த்துக்கொண்டு அதையும் சொன்னேன். அவள் வேண்டாம் என்றதை, அவன் சுவரில் சாய்ந்து இருந்ததை, அவள் வயிற்றைக் காட்டியதை. எங்கள் பிள்ளைக்குப் பிறகு நாங்கள் எப்படி இருந்தோம் என்பதையும், தேங்காய்ப் பூக் கையையும்கூடச் சொன்னேன். காது இரண்டும் நெருப்பாக எரிந்தது.

மாமி மெல்லக் கேட்டார்.

"அவள் வேண்டாம் எண்டு சொல்ல, அவன் விட்டவனோ?"

"ஓம் மாமி. விட்டவன்."

"கோவிக்காமலோ?"

"கோவிக்காமல்."

"அப்பிடியும் ஆக்கள் இருக்கினமோ," என்றார். என்னிடம் கேட்கவில்லை. வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் அதிகம் கதைத்ததில்லை. நானும் இனிக் கதைக்கமாட்டேன்.

கொஞ்ச நேரத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பழைய மாமி ஆகிவிட்டார்.

"எண்டாலும் நீ செய்தது பிழைதான். ஊர் அவனைச் சொல்லேக்க வாயை மூடிக்கொண்டு நிண்டியே, அதைச் சொல்லுறன். மற்றதை நான் சொல்லேல்லை. அப்ப இனி நான் பிடிக்கிற விரதம் உனக்கு."

"மாமி, வேண்டாம். உங்களுக்கு ஏலாது."

"அவனுக்கெண்டபடியால் பச்சைத் தண்ணியும் குடிக்கேல்லை. அவனால ஒண்டும் செய்ய ஏலாதே. உனக்குப் பாலும் பழமும் எடுத்துக்கொண்டு பிடிக்கிறன். நீ உயிரோட இருக்கிறாய்தானே, மிச்சத்தை நீயே பார்."

மச்சாள் உள்ளே இருந்து எல்லாம் கேட்டிருப்பா. இந்தக் கிழமைக்குள் ஊருக்கும் போய்விடும். துணி கொண்டுவருகிறவர்கள் இனி என்னைப் பார்க்கிற பார்வை வேறாக இருக்கும். அது பரவாயில்லை என்று பொய் சொல்லமாட்டேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது. ஆனால் இது என்னுடைய வெட்கம், என்னிடமே வந்துவிட்டது. உங்களிடம் இப்போது ஒன்றுமில்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. புளியங்கூடலில் உங்கள் அம்மா எனக்காகப் பால் குடித்துக்கொண்டிருப்பார்.