தார்ப்பாய் ஸ்போரனும் மூன்று குஞ்சமும்

அன்பு மகன் ஃபெர்கஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் ஆடுகளும் இங்கே நன்றாக இருக்கிறோம், நீயும் நியூசிலாந்தில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி, சளி கிளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். நன்றாக இருக்கிறோம் என்று சும்மா எழுதவில்லை, இந்த வாரம் அந்த வார்த்தையை எழுத முடிகிறதே என்று எனக்கே நம்ப முடியவில்லை. பதறாதே, உங்கப்பா எதிரே உட்கார்ந்து ஓட்ஸ் கஞ்சி குடித்துக்கொண்டு, உப்பு பத்தலைன்னு முனகிக்கொண்டுதான் இருக்கிறார். முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, வலி வந்தா நாக்குக்கு அடியில ஒரு மாத்திரை வைங்க, அது கையில இல்லாம வாசப்படி தாண்டாதீங்க என்று டாக்டரம்மா சொன்னது உனக்குத் தெரியும். இவர் என்ன செய்தார், பாட்டிலில் வைத்தால் கடகடவென்று சத்தம் வந்து, அவர் பார்க்கப் போகிற மான் ஓடிவிடுமாம், காகிதத்தில் மடித்து உங்கள் தாத்தா இடுப்பில் முன்பக்கம் தொங்கவிட்டுக்கொண்டிருந்த கடல்நாய்த் தோல் பையில், அந்த ஸ்போரனில், போட்டுக்கொண்டு மலையேறிவிட்டார். நம்ம ஊர் மழைதான் தெரியுமே. திரும்பி வந்தபோது ஸ்போரன் முடியெல்லாம் ஒட்டிப்போய் ஈர நாய் நாற்றம், உள்ளே மாத்திரைகள் கரைந்து ஒரே பசை. நல்ல காலம், அன்றைக்கு வலி வரவில்லை. கோட்டுப் பையில் வைக்கலாமே என்று நீ கேட்பாய், உங்கப்பாவைத் தெரியாதா, முதல் ஏற்றத்திலேயே கோட்டைக் கழற்றி வேலிக்கம்பத்தில் மாட்டிவிட்டுப் போகிற ஆள், கீழே கட்டுகிற கில்ட்டோ வெறும் கம்பளிப் பாவாடை, அதில் பை கிடையாது, இடுப்பை விட்டு இறங்காதது அந்த ஸ்போரன் ஒன்றுதான். மாத்திரை நனையாத ஸ்போரன் இருந்தா மலை, இல்லேன்னா அடுப்படி, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, அந்த மனுஷர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை, ஏறினால் செத்துவிடுவாரோ என்று ஒரு பயம், ஏறாவிட்டாலும் செத்துவிடுவாரோ என்று இன்னொரு பயம்.

ஒரு நாள் காலை மீன் பண்ணையில் கழித்துப்போட்ட தார்ப்பாய்த் துண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தார். பழைய ஸ்போரனை அதன்மேல் கவிழ்த்து வைத்துச் சாக்கட்டியால் சுற்றிக் கோடு போட்டு வெட்டினார், ஓரங்களைத் தைத்து, தையல் மேலெல்லாம் படகு ஒட்டும் பசை தடவிப் பட்டை ஒட்டினார். வாயை மட்டும் நீளமாக விட்டு, சுருட்டிச் சுருட்டி மடித்துக் கொக்கி போடுகிற மாதிரி வைத்தார். பழையதில் இருக்கிற மாதிரி இடுப்புச் சங்கிலி வைத்தால் துருப்பிடிக்கும் என்று நம்ம பழைய வேனின் சீட் பெல்ட்டை அறுத்து இடுப்பு வார் ஆக்கிவிட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, ஆனால் மனசுக்குள் பரவாயில்லையே என்றுதான் தோன்றியது. அதோடு விட்டிருக்கலாம். அதை மாட்டிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார், கடைக்கார டொலினா சும்மா இருப்பாளா, என்ன மர்டோ, மத்தியானச் சாப்பாட்டை வயித்துல கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டியா, ஒரு குஞ்சம்கூட இல்லாம இது என்ன ஸ்போரன் என்று ஊரே கேட்கக் கேட்டுவிட்டாள். வந்தார், வலைக்கயிற்றைப் பிரித்தார், ஆரஞ்சு நிறத்தில் மூன்று குஞ்சம் கட்டி முன்பக்கம் நடுவில் தைத்தார், இப்ப வாயைத் திறக்கட்டும் பார்க்கலாம் என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு கைப்பிடி ஓட்ஸ் மாவை உள்ளே போட்டு வாயைச் சுருட்டி, மழைத்தண்ணீர்ப் பீப்பாய்க்குள் கல்லை வைத்து அமுக்கிவிட்டு டீ குடிக்க வந்துவிட்டேன். அப்புறம் திறந்து பார்த்தால் மாவில் மூன்றே மூன்று ஈர உருண்டை, சரியாக அந்த மூன்று குஞ்சத்துக்கும் பின்னால். ஊசி போன ஓட்டை வழியாகத் தண்ணீர் போகாமல் என்ன செய்யும். டொலினா வாய்க்குப் பயந்து உயிரை விடப்போறீங்களா என்று கத்தினேன், கதவை அறைந்து சாத்திவிட்டு ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார், ஆனால் மறுநாள் குஞ்சத்தைப் பிரித்து ஓட்டைகளை அடைத்து, குஞ்சங்களை வாரில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டார். மறுபடி மாவு போட்டு அமுக்கிப் பார்த்தேன், பொடிப்பொடியாக அப்படியே இருந்தது. சரி, மலைக்குப் போங்க, ஆனா நானும் வருவேன் என்றேன்.

செவ்வாய்க்கிழமை போனோம். இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது, காலையில் தாண்டிக் குதித்த ஓடை இப்போது பழுப்பாகச் சுழித்துக்கொண்டு ஓடியது. அப்பா ஸ்போரனை இடுப்புப் பக்கம் தள்ளிக்கொண்டு முதலில் இறங்கினார், கல் வழுக்கி நெஞ்சுவரை முங்கிவிட்டார். எப்படி இழுத்துக் கரையில் போட்டேனோ எனக்கே தெரியாது, நனைந்த கில்ட் என்ன கனம் கனக்கிறது தெரியுமா. முகம் சாம்பலாகிவிட்டது, கை நெஞ்சைப் பிடித்துக்கொண்டது, பேச்சு வரவில்லை. ஸ்போரன் மேலெல்லாம் தண்ணீர் வழிகிறது, என் விரல் மரத்துப்போய்க் கொக்கி கழல மாட்டேன் என்கிறது, கடவுளே, தார்ப்பாயையா நான் நம்பினேன் என்று அழுதுகொண்டே சுருட்டைப் பிரித்தேன். ஃபெர்கஸ், உள்ளே சொட்டு ஈரம் இல்லை. காகிதம் பிரிந்து மாத்திரைகள் மூலையில் கிடந்தன, ஒன்றை எடுத்தேன், அதன்மேல் ஓட்ஸ் மாவு ஒட்டியிருந்தது, உலர்ந்த மாவு, ஊதினால் பறக்கும். உலகமே தண்ணீராக இருக்கிறது, என் உள்ளங்கை அளவு இடம் மட்டும் நம்ம சமையலறை மாதிரி காய்ந்து கிடக்கிறது, நான் அப்படியே மலைத்துப்போய்விட்டேன், அந்த மனுஷர் கோணல்மாணலாகத் தைத்த தையலைக் கும்பிடலாம் போல இருந்தது. மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தேன், அதே ஸ்போரனிலிருந்த போனை எடுத்து மீட்புக் குழுவைக் கூப்பிட்டேன். காத்திருந்தபோது மேகம் விலகி, கீழே ஏரி முழுக்கப் பளபளவென்று தெரிந்தது, இத்தனை வருஷத்தில் அப்படி நான் பார்த்ததே இல்லை, ஆனால் அதைவிட அவர் உதட்டில் மெல்லமெல்ல ரத்தம் ஏறியதைத்தான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தார், நாக்கைச் சப்புக்கொட்டினார், இஷ்பெல், உப்பு பத்தலை என்றார்.

டாக்டரம்மா பார்த்துவிட்டுப் பயமில்லை என்று சொல்லிவிட்டார். நீயும் அங்கே கில்ட்டைக் கட்டிக்கொண்டு மலை மலையாகச் சுற்றுகிறாய் என்று உன் போட்டோவைப் பார்த்தாலே தெரிகிறது, அதனால் அப்பா உனக்கும் ஒன்று தைத்திருக்கிறார், பார்சலில் வருகிறது. யார் என்ன கிண்டல் செய்தாலும் அதில் குஞ்சம் தைக்காதே. போட்டுக்கொள்வதற்கு முன் மாவு போட்டுத் தண்ணீரில் அமுக்கிப் பார், பார்த்த பிறகு முழுக்கத் தட்டிவிடாதே, மூலையில் கொஞ்சம் இருக்கட்டும். கடவுள் உன்னை ஈரத்திலும் குளிரிலும் காக்கட்டும், நீடூழி நன்றாக இரு.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா இஷ்பெல்