ஹாரன் அடிக்காத ஊர்

மார்ச் 3, செவ்வாய்

வண்டியில் இருந்தவர்கள்: ஓட்டியது மகன், அவன் பக்கத்தில் மருமகள், பின்னால் குட்டி இருக்கையில் வாரால் கட்டப்பட்ட பேத்தி, அவளை ஒட்டி நான். ஆக நாலு பேர். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம். வழியில் கேட்ட ஹாரன்: ஒன்றுகூட இல்லை. நம் தெருவில் பால் வாங்கித் திரும்புவதற்குள் நூறு கேட்டுவிடும்.

"ஏன்டா, ஹாரன் ரிப்பேரா?"

"இங்க அடிச்சா, ஆளைத் திட்டுற மாதிரிம்மா."

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை.

மார்ச் 5, வியாழன்

என் வீட்டுக்காரர் போய் நாற்பத்தெட்டு நாள். நூற்றெட்டு முறை சாமி பேர் சொன்னேன். வாய்தான் சொன்னது.

மார்ச் 8, ஞாயிறு

வாசலுக்கு வெளியே ரோட்டோரம் சும்மா நின்றேன். ஒரு கார் வந்து நின்றது. நீ போ என்று கை காட்டினேன். உள்ளே இருந்த பெரியவர், நீங்கள் போங்கள் என்று கை காட்டினார். நான் மறுபடி. அவர் மறுபடி. பின்னால் ஐந்து வண்டி சேர்ந்துவிட்டது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பாவமாக இருந்தது, கடந்துவிட்டேன். அந்தப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் இல்லை. திரும்பி வர வேண்டுமே! அதற்கு நாலு வண்டி நின்றது.

மருமகள் ஜன்னலில் பார்த்திருக்கிறாள். "அத்தை, டிராஃபிக் போலீஸ் வேலை கிடைச்சிருச்சா?"

ஒன்றும் ஐந்தும் நாலும் பத்து. எனக்காகப் பத்து வண்டி. அவருக்கு ஒரு வேன் கூட—

மார்ச் 9, திங்கள்

ஊரிலிருந்து நம் வக்கீல் போன் செய்தார். அவர்மேல் ஏறிய வேனின் டிரைவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். அடுத்த மாதம் ஆறாம் தேதி விசாரணை. பார்த்தவள் நான் ஒருத்திதான்.

"ஹாரன் அடிக்கலன்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தீங்கல்லம்மா, அதையே சொல்லுங்க. தப்பிக்க மாட்டான்."

சரி என்றேன்.

மார்ச் 12, வியாழன்

காருக்குள் ஒரு பெண் குரல் வழி சொல்கிறது. மகன் இரண்டு தடவை தப்பாகத் திரும்பினான். அவள் கோபிக்கவே இல்லை. இருபத்தொன்பது வருஷம் அவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து நானும் வழி சொன்னேன். கத்தாமல் ஒரு நாளும் சொன்னதில்லை.

மார்ச் 15, ஞாயிறு

காலை ஆறு மணி. நாற்சந்தியில் சிவப்பு விளக்கு. நாலு பக்கமும் ஈ காக்கை இல்லை. மகன் நின்றுகொண்டே இருக்கிறான்.

"யாருமே இல்லையேடா. யார் பாக்கப் போறா?"

"பாக்கலன்னா? சிவப்பு சிவப்புதானேம்மா."

சாமி பேரைத் தொடங்கினேன். பாதியில் நின்றுவிட்டது.

மார்ச் 17, செவ்வாய்

இன்று ஒரு ஹாரன். பதினைந்து நாளில் முதல் தடவை. போனைப் பார்த்துக்கொண்டே ரோட்டில் இறங்கிய ஒருத்தன் துள்ளிப் பின்னால் போனான். நடைபாதையில் நின்று சிரித்தான். உயிரோடு.

அடிச்சானே. அந்த டிரைவரும் அடிச்சானே! ரெண்டு தடவை. என் காதால கேட்டேன். அவரும் கேட்டு ஒதுங்கத்தான் போனார். பையை விட்டுட்டுப் போறீங்களேன்னு நான்தான் இந்தப் பக்கத்துலேர்ந்து கத்தினேன். என் குரலுக்குத் திரும்பி நின்னுட்டார். இதை யார்கிட்ட சொல்றது?

மார்ச் 18, புதன்

வக்கீலுக்கு இன்று அனுப்பியதன் நகல்:

ஐயா, நான் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தது பொய். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். என் கணவரைக் கூப்பிட்டு ரோட்டில் நிறுத்தியது நான். இதைத் திருத்தி எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்காக எனக்கு என்ன வந்தாலும் சரி. விசாரணை வரை அவரை உள்ளே வைக்க வேண்டாம். மகனிடம் இன்று சொல்லிவிட்டேன். நான் எந்தத் தேதிக்கு அங்கே வர வேண்டும்? தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.