ஆஸ்பத்திரி ஸ்டாப்பும் பஸ் அட்டையும்

குட்டிம்மா,

நீ எழுந்திருப்பதற்குள் கிளம்புகிறேன். சாப்பாடு அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். உப்பு கொஞ்சம் தூக்கல், ஒரு குளத்தையே குடிக்க வேண்டி வரும். சாவி என் பழைய ஷூவுக்குள்.

பஸ் அட்டையை எடுத்துப் போகச் சொன்னதற்கு நேற்று உன்னிடம் எகிறியது தப்புதான். காசு கொடுத்தால் கண்டக்டர், "எங்க போறீங்க, பெரியவரே?" என்று கேட்பார். நாள் முழுக்க என்னை யாராவது கேட்கிற ஒரே கேள்வி அது. அட்டையைத் தட்டினால் மெஷின் "கீ" என்கிறது. அதோடு நான் என்னத்தைப் பேச? அதற்குத்தான் அப்படி மல்லுக்கு நின்றேன்.

ஆனால் காலையில் ஒன்று ஞாபகம் வந்தது. போன வாரம் சில்லறை இல்லாமல் அட்டையைத் தட்டி ஏறினேன் அல்லவா? தூங்கிப்போய் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்கித் தொலைத்தேன். அட்டை உன் நம்பரில் இருப்பதால், இறங்கும்போது தட்டியதும் உன் போனுக்குத் தகவல் வந்துவிட்டது. அரை நிமிஷத்தில் கூப்பிட்டாய். "அப்பா, என்னாச்சு? ஆஸ்பத்திரியில என்ன பண்றீங்க?" வேலை நேரத்தில் நீ என்னைக் கூப்பிட்டு நூற்றைம்பது வருஷம் இருக்கும். ஏழு நிமிஷம் பேசினோம். பக்கத்து வீட்டுப் பூனை பெற்ற குட்டிகள் வரை சொல்லி முடித்தேன்.

அதனால் நீ ஜெயித்தாய். அட்டையை எடுத்துக்கொண்டுதான் போகிறேன். சில்லறை டப்பா மேசையில்.

மறந்துவிட்டேனே: பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்குவேன். எனக்கு ஒன்றுமில்லை, குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன்.

இருந்தாலும் கூப்பிடு.

அப்பா