நீ சேராத மாதத்து லாட்டரி

காட்டூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் மாதவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ரங்கநாதர் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீ சுகமாக இருக்க நியாயமில்லை, இருந்தாலும் கேட்பது முறை என்பதால் கேட்கிறேன். என் போனை நீ எடுப்பதே இல்லை, அதனால்தான் லீவு முடிந்து ஷார்ஜா திரும்புகிற ஸ்டீபன்ராஜ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவன் முன்னாலேயே பிரித்துப் படி, படித்தாயா என்று அவனிடம் கேட்டுக்கொள்வேன்.

உன் ரூமில் எல்லோரும் மாதா மாதம் பணம் போட்டு ஒரே லாட்டரி டிக்கெட்டாக எடுக்கிறீர்கள் என்று நீ சொன்னபோதெல்லாம் திட்டியவள்தான் நான், இல்லை என்று சொல்லவில்லை. வருஷக்கணக்காக விடாமல் போட்டவன், பரிசு விழுந்த அந்த ஒரு மாதம் பார்த்துப் போடாமல் விட்டாயே, உன்னை என்ன சொல்லித் திட்டுவது. நான் பணம் கேட்டதால்தான் போட முடியவில்லை என்று அப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். ஆமாம், கேட்டேன். மருங்காபுரியில் உன் மாமா தன் சின்ன மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்திருந்தான், பெரிய மகள் பானுவை உனக்குப் பேசி வைத்திருந்தோம், சம்பந்தி ஆகப்போகிற வீட்டில் நம் மொய்யை மைக்கில் படிக்கும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டாமா? பெற்றவள் கேட்டால் லாட்டரிக்கு எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை அனுப்ப உனக்குத் தெரிய வேண்டாமா? உன் ரூமில் இருந்த நம் பங்காளி வீட்டு ராசப்பனிடம் அவன் அம்மாவும்தான் அந்த மாதம் பணம் கேட்டிருக்கிறாள். ‘இப்ப கையில இல்லம்மா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டு லாட்டரிக்குப் போட்டுவிட்டான். அது பிள்ளை.

அப்பா வெட்கத்தை விட்டு ராசப்பனுக்குப் போன் போட்டு, உனக்கும் ஏதாவது பங்கு உண்டா என்று கேட்டார். அவன் மரியாதையாகத்தான் பேசினான். ‘போடாத மாசம் பங்கு இல்லன்னு முதல்ல சொன்னதே உங்க மகன்தான் பெரியப்பா, வேணும்னா அவனையே கேட்டுப் பாருங்க’ என்றான். சட்டம் போட்டவனே நீதானாம்.

ராசப்பன் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டான். வந்த வாரமே சொந்தக்காரர்களை வேன் வைத்து முக்கொம்புக்கு அழைத்துப்போய் பிரியாணி போட்டான். நானும் போயிருந்தேன், முறையாக வந்து கூப்பிட்டவன் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா. உன் மாமா அவனை விட்டு நகரவில்லை, அவன் இலையில் கறியை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. மறுநாள் காலையில் வந்து நின்றான். ‘மாதவன் நல்ல பையன்தாங்க்கா, இல்லேங்கல. ஆனா தேடி வந்த அதிர்ஷ்டத்தைத் தவற விட்டவன்கிட்ட பொண்ணைக் கொடுக்க மனசு வரல, ராசப்பன் வீட்ல கேக்கறாங்க’ என்றான். நான் என்ன சொல்ல? அவனோடு மல்லுக்கு நின்றால் எனக்குப் பிறந்த வீடு இல்லாமல் போகும், நாளைக்கு நான் கண்ணை மூடினால் கோடிச் சேலை எடுத்து வர எனக்கு இருப்பது அந்த ஒரு தம்பிதான். சரி என்று சொல்லிவிட்டேன். உன்னை நினைத்தால் வயிறு எரியத்தான் செய்கிறது, அதற்காக அவன் மகளைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியுமா.

இப்போது ஒரே தொல்லை பானுதான். சரியாகச் சாப்பிடுவதில்லை, தலை வாருவதில்லை. ‘அத்தான் வாயால வேணாம்னு சொல்லட்டும், அப்புறம் நீங்க யாரைச் சொன்னாலும் கட்டிக்கிறேன்’ என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறாள். அவள் போனை மாமா வாங்கி வைத்திருக்கிறான். வியாழக்கிழமை சாயங்காலம் அவன் போனிலிருந்து உன்னோடு பேசச் சொல்வான், அதையாவது எடு. எடுத்து, வேண்டாம் என்று சொல். அங்கே வேறு ஒருத்தியைப் பார்த்துவிட்டேன் என்று சொல், நம்பிவிடுவாள். நைச்சியமாகப் பேசாதே, குரல் கொஞ்சம் இளகினாலும் கண்டுபிடித்துவிடுவாள், சின்ன வயதிலிருந்து உன்னையே பார்த்து வளர்ந்தவள். வெடுக்கென்று சொல்லிவிட்டு வைத்துவிடு. நானும் பக்கத்தில் இருப்பேன், ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் தலையில் துணி கட்டாமல் லாரியை விட்டு இறங்காதே. நோய் நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இரு, உனக்கும் ஒருத்தி எங்கேயாவது பிறந்திருப்பாள். வியாழக்கிழமையை மறந்துவிடாதே, வெள்ளிக்கிழமை கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிறது. அழைப்பவர்கள் வரிசையில் உன் பெயரையும் போடச் சொல்லிவிட்டேன், விட்டுப்போனால் ஊரில் தப்பாகப் பேசுவார்கள்.

உன் நன்மையைத் தவிர வேறெதையும் நினைக்காத அம்மா,
பொன்னுத்தாய்