ஆலாக்கள் முட்டையிடும் திட்டு

அண்ணி,

காலையில் ஆற்றங்கரையில் யாரோ பரிசலுக்குப் பூசத் தார் காய்ச்சினார்கள். உங்கள் பரிசலில் வரும் அதே வாசம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. ஏரியூர்ப் பக்கம் அணைத் தண்ணீர் மறுபடி இறங்கி, நடுவில் அந்த மணல் திட்டு தெரிகிறது. ஆலாப் பறவைகளும் வந்துவிட்டன.

வலை போடப் போன நீங்கள்தான் அவற்றை முதலில் கவனித்தீர்கள். மஞ்சள் மூக்கு, கறுப்புத் தலை. கூடு கட்டாது, வெறும் மணலில் முட்டையிடும். இந்தப் பறவை அருகிக்கொண்டே வருகிறது என்று வனத்துறைக்காரர் ஒருவர் சொன்ன நாளிலிருந்து, முட்டையிடும் சமயத்தில் யாரையும் திட்டில் இறங்க விடமாட்டீர்கள். "ரெண்டு மாசந்தாங்க. குஞ்சு பறந்துட்டா அப்பறம் யார் வேணா போங்க" என்பீர்கள். ஊரே சிரித்தது. அண்ணனும்தான் சிரித்தார், பிறகு உங்களைவிடத் தீவிரமாகக் காவல் நின்றார்.

போன கோடையில் கரையில் ஒரு புல் இல்லை. என் ஆடுகள் எலும்பும் தோலுமாக நின்றன. திட்டில் மட்டும் பச்சை.

"வேணாம் பாப்பா. நான் தழை வெட்டியாந்து தரேன்" என்றீர்கள். தந்தீர்கள். வயிற்று வலி என்று அண்ணனோடு தருமபுரி ஆஸ்பத்திரிக்கு நீங்கள் போன அன்று, வேறொருவர் பரிசலில் நான்கு ஆடுகளை ஏற்றிக்கொண்டு போனேன்.

ஆலாக்கள் கத்திக்கொண்டு என் தலைமேல் பாய்ந்தன. கல் என்று நினைத்து மிதித்தது காலடியில் நொறுங்கியது. அதற்குள் ஆடுகள் எல்லாப் பக்கமும் பரவிவிட்டன.

மறுநாள் நாம் மூவரும் போனோம். உடைந்த ஓடுகளைப் பார்த்து அண்ணன் முகம் சிவந்தது. "எவன் வேலை இது?" என்றார். நீங்கள் மணலில் கிடந்த ஆட்டுப் புழுக்கையைக் காலால் மூடினீர்கள். "நாய் நீந்தி வந்துருக்குங்க" என்றீர்கள். என்னைப் பார்க்கவே இல்லை.

தனியாக இருக்கும்போது சொல்லிவிடலாம் என்று நாளைத் தள்ளினேன். அந்த வலி சாதாரண வலியாக இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து, "ஆடுங்க நல்லாருக்குதா பாப்பா?" என்று கேட்டீர்கள். "நல்லாருக்குது அண்ணி" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

நேற்று ஒரு பெண் ஆடுகளோடு திட்டுக்குப் போகப் பரிசல் கேட்டு வந்தாள். பசியில் அவை கத்தின. முட்டையிடும் சமயம், வேண்டாம் என்றேன். "பறவ பெருசா, ஆடு பெருசாக்கா?" என்று கேட்டாள். அண்ணன் பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"போன வருசம் முட்டைய ஒடச்சது நாயில்ல. நானு" என்றேன்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார், பிறகு மறுபடி வலையைப் பிரித்தார். அந்தப் பெண்ணோடு போய்த் தழை வெட்டிக் கொடுத்தேன். உங்களிடம் சொல்ல வேண்டியதை வேறு ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறேன், அண்ணி. பாரம் குறையவில்லை.