பின்கதவு அகலமான வண்டி

என் டிரைவர் ஐயாவுக்கு,

நேற்று தரகர் அந்தப் பழைய காரை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். நீங்கள் கேட்டபடியே உயரமான சீட்டு. அங்கே நீங்கள் பார்க்கிற ஓவர்டைமெல்லாம் நாலு சக்கரத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

"ஏறிப் பாருங்கம்மா, மகாராணி மாதிரி இருக்கும்" என்றார். தங்கையும் அவருமாகத் தூக்கி உட்காரவைத்தார்கள். பெல்ட் போட்டும், தெருமுனை திரும்புவதற்குள் கியர் மேல் சரிந்துவிட்டேன். தரகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பாவம்.

கலர் பிடிக்கவில்லை என்று உங்களுக்கு எழுதச் சொன்னேன். "மாமாகிட்ட பொய் சொல்ல மாட்டேங்க்கா" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள் உங்கள் மச்சினி. இப்போது நான் சொல்லச் சொல்ல, மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதுகிறாள்.

பைக்கில் என்னைச் சால்வையால் உங்கள் இடுப்போடு கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவீர்களே. "மூட்டை பத்திரமா?" என்று சிக்னலுக்குச் சிக்னல் கேட்பீர்கள். பிறகு மூன்று சக்கர ஸ்கூட்டருக்குப் பணம் சேர்த்தீர்கள். அதற்குள் என் கை போனது. காருக்குச் சேர்த்தீர்கள், இப்போது இடுப்பு. உங்கள்மேல் குற்றமில்லை. இந்த நோய்தான் எப்போதும் நமக்கு ஓர் எட்டு முன்னால் நடக்கிறது.

அதனால் கார் வேண்டாம். பின்கதவு அகலமாகத் திறக்கிற வேனாகப் பாருங்கள். உள்ளே சீட்டு எதுவும் வேண்டாம். உங்களுக்கு முன்னால் ஒன்று இருந்தால் போதும்.

மூட்டை பத்திரம்.

உங்கள் சால்வைக்காரி